சிப்பின் முதுகில் ஒரு சொல்

பழைய மேசைக் கணினி ஒன்றைக் கழற்றி, விசிறியையும் அலுமினியக் கட்டியையும் எடுத்துவிட்டு, காய்ந்துபோன பசையைத் துணியால் துடைத்தால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளி நிற மூடி தெரியும். நிறுவனத்தின் பெயர், ஏதோ எண்கள், அவற்றோடு ஐந்து ஆங்கில எழுத்துகள்: ‘மலாய்’. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய இன்டெல் செயலிகள் பலவற்றில் இந்தச் சொல்லைக் காணலாம். மலேசியா என்பதைச் சுருக்கிப் பொறித்திருக்கிறார்கள்.

ஜொகூர் மாநிலத்தின் பாலோவில் இப்படி ஒரு கணினியைத் திறந்து பார்ப்பவருக்கு அந்தச் சொல் என்ன சொல்லும்? குளுவாங் மாவட்டத்து இரயில் தடத்தில் இருக்கிற சிறு பட்டணம் பாலோ. சுற்றிலும் முன்பு பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. கணினி என்பது வேறெங்கோ கண்டுபிடிக்கப்பட்டு, வேறெங்கோ செய்யப்பட்டு, கடைசியில் கடைக்கு வந்து சேரும் சரக்கு என்றுதான் இங்கே யாரும் நினைப்பார்கள். பாலோ என்றில்லை, கோலாலம்பூரிலும் சென்னையிலும் இதே நினைப்புதான். பள்ளிப் பாடமும் அதைத்தான் வளர்க்கிறது. பாபேஜ், வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி என்று ‘கணினித் தலைமுறைகள்’ ஒரு பக்கப் பட்டியலாக வரும்; தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். அந்தப் பட்டியலில் மனிதர்கள் குறைவு, ஊர்கள் அதைவிடக் குறைவு. மூடியில் பொறித்த ஊர் அதில் இல்லவே இல்லை.

வரலாறு தெரியாத இடம் காலியாகவும் கிடப்பதில்லை. ‘நம்மவர்தான் முதலில் கண்டுபிடித்தார்’ என்ற கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்ற செய்தி தமிழ் இதழ்களிலும் வாட்ஸ்அப்பிலும் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. அமெரிக்காவில் வளர்ந்த சிவா அய்யாதுரை 1978இல், பதினான்கு வயதில், நியூ ஜெர்சியின் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்து நிரல் ஒன்றை எழுதினார். ‘ஈமெயில்’ என்ற பெயரில் அதற்கு 1982இல் பதிப்புரிமையும் பெற்றார். அந்த வயதுப் பையனுக்கு அது சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் எம்ஐடியின் நேரப் பங்கீட்டுக் கணினியில் பயனர்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுவைக்கும் வசதி 1965இலேயே இருந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியே செய்தி அனுப்பி, பெயருக்கும் கணினிக்கும் நடுவே ‘@’ குறியைப் போட்டவர் ரே டாம்லின்சன், ஆண்டு 1971. பதிப்புரிமை என்பது எழுதிய நிரலுக்குக் கிடைப்பது. புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது பேட்டன்ட். தமிழில் இரண்டையும் ‘காப்புரிமை’ என்றே பலர் எழுதிவிடுவதால் இந்தக் குழப்பம் நம் மொழியில் கூடுதலாகவே பரவியது என்று தோன்றுகிறது.

மலேசியாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு: பென்டிரைவைக் கண்டுபிடித்தவர் மலேசியர் என்பது. சிலாங்கூரின் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங் தைவானில் தொடங்கிய நிறுவனம், யுஎஸ்பி நினைவகத்துக்கான கட்டுப்பாட்டுப் பகுதியை ஒரே சிப்பில் அடக்கியது. அந்தச் சிப் அவருடைய பங்களிப்பு. பென்டிரைவ் அதற்கு முன்பே, 2000இல், சிங்கப்பூர், இஸ்ரேல் நிறுவனங்களால் சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு சிப்பைத் திறம்பட வடிவமைத்தார் என்று சொன்னால் தலைப்புச் செய்தி ஆகாது போலும்.

‘முதலாமவர்’ தேடும் இந்த ஆசை ஒரு பக்கம் இருக்க, ஜொகூருக்கு மெய்யாகவே உரிமையுள்ள மின் வரலாறு ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. அது காட்டில் தொடங்குகிறது.

இரப்பர் விதை இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே இங்கே ஒரு பால்மரம் இருந்தது. மலாய்க்காரர்கள் அதைத் தாபான் என்பார்கள். அதன் பால் இறுகினால் கிடைப்பது கட்டாபெர்ச்சா. கெத்தா, பெர்ச்சா என்ற மலாய்ச் சொற்களிலிருந்து வந்த பெயர். வெந்நீரில் போட்டால் மாவுபோல் இளகும், பிடித்த வடிவத்தில் ஆறினால் கட்டையாக இறுகும். பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்ய உள்ளூர்க்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி அதைக் கவனித்து 1840களின் தொடக்கத்தில் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். சில ஆண்டுகளில் இன்னொரு குணம் தெரியவந்தது. கட்டாபெர்ச்சா மின்சாரத்தைக் கசியவிடாது, கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் கெடாது. ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் 1847இல் தந்திக் கம்பிக்கு அதைப் போர்த்தினார். மைக்கேல் ஃபாரடே மறு ஆண்டு அதன் மின்காப்புத் திறனைப் பற்றி எழுதினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடிக் கம்பி நிலைத்து வேலை செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், பாலித்தீன் வரும்வரை, உலகின் கடலடித் தந்திக் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மரத்துப் பால்தான் தோல்.

சிங்கப்பூர்த் தெலோக் பிளாங்காவில் இருந்தபடி ஜொகூரை ஆண்ட துமெங்கோங் டாயெங் இப்ராகிம், 1840களில் இந்த வணிகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அவருடைய குடும்பத்துக்குப் புதுச்செல்வம் இந்தப் பாலிலிருந்து வந்தது. காட்டுக்குள் போய் மரத்தைத் தேடிச் சாய்த்தவர்களில் உள்நாட்டு ஜொகூரின் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களும் உண்டு. இரப்பர் மரம்போல் தினமும் சீவிப் பால் எடுக்கிற வேலை இல்லை இது. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வரிசையாக வளையம் வெட்டி, வடிவதைச் சேகரிக்க வேண்டும். அரை நூற்றாண்டு வளர்ந்த மரத்தைச் சாய்த்தாலும் சில நூறு கிராமிலிருந்து ஒரு கிலோ வரைதான் தேறும். அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பி ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான டன் தேவைப்பட்ட காலம் அது. மரங்கள் எங்கே போயின என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

1870–71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போடப்பட்டது. தமிழர்கள் கப்பலேறி வந்த அதே கடல்வழி. மலாய்க் காட்டுப் பால் லண்டன் ஆலைக்குப் போய், செப்புக் கம்பியின்மேல் உறையாகி, திரும்பி வந்து வங்கக் கடலின் அடியில் படுத்தது. சிங்கப்பூர்ச் சந்தையில் மிளகு என்ன விலை என்பது சென்னைக்கு அன்றன்றைக்கே தெரிய முடிந்தது.

இதற்கும் கணினிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நேரடியான உறவுதான். நீண்ட கடலடிக் கம்பியில் ஒரு முனையில் கூர்மையாக அனுப்பிய குறி மறுமுனையில் குழைந்து, ஒன்றோடொன்று கலந்து வந்தது. 1858இன் முதல் அட்லாண்டிக் கம்பி சில வாரங்களில் செத்துப்போனது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்தது ஒரு காரணம். வில்லியம் தாம்சன், ஆலிவர் ஹெவிசைட் போன்றவர்களின் கணக்குகள் குறி குழையும் இந்தத் தொல்லையிலிருந்து பிறந்தன. ஒரு கம்பியில் நொடிக்கு எத்தனை குறிகள் அனுப்ப முடியும் என்று ஹாரி நைகுவிஸ்ட் 1924இல் எழுதிய கட்டுரை தந்தி வேகத்தைப் பற்றியது. அதையும் ரால்ஃப் ஹார்ட்லியின் கட்டுரையையும் அடித்தளமாகக் கொண்டு கிளாட் ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதினார். ‘பிட்’ என்ற சொல் அச்சில் வந்தது அந்தக் கட்டுரையில்தான். இன்று எத்தனை ஜிபி டேட்டா என்று கேட்டு ரீலோட் போடுகிறவர் அந்த அளவையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்.

காட்டை விட்டுத் தண்டவாளத்துக்கு வரலாம். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவரை இரயில் தடம் 1909இல் முழுமையானது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் என்று இறங்கிவந்த அந்த ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டது எப்படி? தடத்தின் தென்பகுதியில், சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில், இதற்கான பழைய விடையை 2011 ஜூன் 30ஆம் தேதிவரை கண்ணால் பார்க்க முடிந்தது. கம்பி வளையத்தில் கோத்த சாவி ஒன்றை நிலையப் பணியாளர் கைநீட்டிக் கொடுப்பார், ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்து வாங்கிக்கொள்வார். புகைப்படக்காரர்கள் அந்தக் கைமாற்றத்தைத்தான் எடுத்துத் தள்ளினார்கள். சாவி எங்கிருந்து வந்தது என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

நிலையத்துக்குள் கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் ஜோடி அடுத்த நிலையத்தில். இரண்டையும் கம்பி இணைக்கும். இரண்டிலும் சாவிகள் வரிசையாகச் செருகியிருக்கும். இந்தப் பக்க நிலைய அதிகாரி மணியடித்துக் கேட்க, அந்தப் பக்கத்தில் இருப்பவர் தன் பெட்டியின் பொத்தானை அழுத்தி மின்னோட்டம் அனுப்பினால்தான் இங்கே ஒரு சாவி கழன்று வரும். கழன்ற கணமே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தச் சாவி இரண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்த சாவியை யாராலும் எடுக்க முடியாது. சாவி கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. இங்கிலாந்தின் தோர்ப் என்ற ஊரில் 1874இல் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய விபத்துக்குப் பின் எட்வர்ட் டையர் உருவாக்கிய முறையின் வழிவந்தது இது. உலகில் எண்முறைக் கணினி என்ற ஒன்று தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரே வளத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்துவிடாதபடி காக்கும் தர்க்கம் இரும்பிலும் காந்தத்திலும் இருந்தது. 1960களில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதே சிக்கலைக் கணினி நிரல்களுக்குத் தீர்த்தபோது, தன் தீர்வுக்கு இரயில் கைகாட்டியின் பெயரையே வைத்தார்: செமஃபோர். கைப்பேசியில் பாட்டு ஓடும்போது அழைப்பு வந்தால் ஒலிபெருக்கி யாருக்கு என்ற வழக்கைத் தீர்ப்பதும் அந்த வகைத் தர்க்கம்தான். இரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எவரும் தம் வேலையைக் கணினியின் முன்வரலாறு என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அப்படி யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

இனி அந்த ‘மலாய்’ என்ற சொல்.

பினாங்கு 1960களின் முடிவில் வேலையில்லாமல் தவித்தது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோயிருந்தது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ அயல்நாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்தார். 1971இல் சுதந்திர வர்த்தக வளையச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாசில், நெல் விளைந்த நிலத்தில், இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. நேஷனல் செமிகண்டக்டர், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹித்தாச்சி, பாஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று சேர்ந்து முன்னோடிகளுக்கு ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று பட்டப் பெயரே விழுந்தது. 1975இல் இன்டெல்லின் தொழிற்சாலை தீக்கிரையானது. அதற்காக அந்த நிறுவனம் பினாங்கை விட்டுப் போய்விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் மிகுதி. சீனப் பெண்களும் தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். கீழ்த்திசைப் பெண்களின் கைகள் சிறியவை, வேகமானவை என்று முதலீட்டாளர்களுக்கான அரசு விளம்பரக் கையேடே புகழ்ந்தது. வாடிக்கையாளருக்குத் துணியின் நயத்தைச் சொல்லும் கடைக்காரர் தோரணை அது.

அந்தக் கைகள் செய்தது என்ன? கலிஃபோர்னியாவிலிருந்து வந்த சிலிக்கான் தகட்டை அறுத்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் உலோகச் சட்டத்தின் நடுவே ஒட்டுவார்கள். பிறகு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, மயிரிழையில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள தங்கக் கம்பியை எடுக்க வேண்டும். ஊசித் துளை வழியே வரும் கம்பியின் நுனியில் ஒரு குமிழ். அதைச் சிலிக்கானின் விளிம்பில் உள்ள சதுரத்தில் சூட்டோடு அழுத்தி, தூக்கி, வில்லாக வளைத்து, சட்டத்தின் காலில் இன்னொரு முறை அழுத்தி அறுக்க வேண்டும். பதினாறு கால் உள்ள சிப்புக்குப் பதினாறு கம்பி, முப்பத்திரண்டு தொடுகை. ஒன்று பிசகினாலும் சிப் குப்பை. பிறகு அடுத்தது. ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் முடிக்க வேண்டும். தானியங்கி எந்திரங்கள் வந்து இந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை உலகின் கால்குலேட்டர்களும் தொடக்ககால மேசைக் கணினிகளும் இந்தத் தையலை நம்பித்தான் இயங்கின.

கண்ணெரிச்சல், தலைவலி, மங்கலான பார்வை என்று புகார்கள் எழுந்தன. ரேச்சல் கிராஸ்மன் 1970களின் கடைசியில் பினாங்கு ஆலைப் பெண்களைப் பற்றி எழுதினார். மானிடவியலாளர் ஐவா ஓங் சிலாங்கூரின் கோல லங்காட் ஆலைகளை ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட நூல், நுண்ணோக்கிக்கு முன்னால் பேய் பிடித்து அலறிய பெண்களைப் பற்றியும் ஆலைக்கு அழைத்துவரப்பட்ட பொமோ என்ற மலாய் மந்திரவாதிகளைப் பற்றியும் பேசுகிறது. ஊர் வாய் இவர்களுக்கு ‘மினா காரான்’ என்று பெயர் வைத்தது. காரான் என்றால் கரண்ட். சம்பளம் வாங்கி, சாயம் பூசி, சினிமாவுக்குப் போகிற பெண் என்ற ஏளனம் அதில் இருந்தது. கணினி வரலாற்றில் மலேசியாவின் பெயர் பதியக் காரணமானவர்களுக்கு அவர்களுடைய சொந்த ஊர் கொடுத்த பட்டம் இது.

உலகம் முழுக்க இதே கதைதான். அப்போலோ விண்கலத்தின் கணினி நினைவகத்தை அமெரிக்காவின் வால்தமில் பெண்கள் கம்பியால் பின்னினார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் சுழியம். பொறியாளர்களின் பெயர்கள் தெரிகின்றன, பின்னியவர்களைப் ‘பாட்டிமார்’ என்ற கேலிதான் நினைவில் நிற்கிறது. பொறியாளர்களுக்கே சில வேளை நியாயம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. 1971இல் வந்த முதல் வணிக நுண்செயலி 4004ஐ உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஃபெடரிகோ ஃபாஜின். சிப்பின் ஓரத்தில் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைச் செதுக்கிவைத்தார். அவர் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கியபின் இன்டெல்லின் வரலாற்றில் அவர் பெயர் நெடுங்காலம் அடக்கித்தான் வாசிக்கப்பட்டது. சிலிக்கானில் அந்த எழுத்துகள் இருந்ததால் மறுக்க முடியவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இலிருந்து இருக்கிறது. கூட்டம், தீர்மானம், வழக்கு, சம்பள ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. மின்னணுத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய சங்கம் மறுக்கப்பட்டது. 1988இல் ஆலைக்குள் அடங்கிய சங்கம் மட்டும் என்றார்கள். வட்டாரச் சங்கங்களுக்கு 2009வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சங்கம் இல்லாத இடத்தில் ஆவணமும் மெலிந்துதான் இருக்கும். இலக்கியத்திலும் இதே நிலை. பால்மரமும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் காலையில் ஆட்களைப் பெயரழைக்கும் பெரட்டுக் களமும் மலேசியத் தமிழ்ப் புனைவில் திரும்பத் திரும்ப வந்தன. தமிழகத்திலிருந்து வந்து பார்த்த அகிலன்கூட ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். விடியற்காலையில் தோட்டத்து முச்சந்தியில் வந்து நின்று பெண்களை ஏற்றிப்போன ஆலைப் பேருந்து அந்த அளவுக்கு எழுத்தில் ஏறவில்லை.

ஜொகூரிலும் அதே தொழில் உண்டு. மூவாரில் எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சிப் பொதியல் ஆலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2021 ஆகஸ்டில் கோவிட் தொற்றால் அங்கே பகுதிகள் மூடப்பட்டபோது ஐரோப்பியக் கார் தொழிலே தடுமாறியது. மூவார் என்ற பெயர் வெளிநாட்டு வணிக இதழ்களில் அடிபட்டது. பாலோவிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில்தான் மூவார். இங்கே அந்த ஊரின் பெயர் மீ பண்டுங், ஒத்தாக் ஒத்தாக் என்ற உணவுகளுக்குத்தான் பிரசித்தம்.

கையிலேயே இருக்கும் வரலாறும் இப்படித்தான் கண்ணில் படுவதில்லை. ஐபோனிலோ மேக் கணினியிலோ உள்ள எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று ஒன்று இருக்கும். அந்த ‘எம்என்’ மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். 1980களில் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கி, பிறகு ‘முரசு அஞ்சல்’, கைப்பேசிக்குச் ‘செல்லினம்’ என்று கொண்டுவந்தவர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் அங்கே தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் அவர் மறைந்தார். விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே, எந்தக் குறியீடு பொது என்று அந்த ஆண்டுகளில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. இன்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ‘அம்மா’ என்று தட்டினால் அம்மா என்று வருகிறது. அது தானாக வந்தது என்றே அந்தப் பிள்ளை நினைக்கும், ஆசிரியரும் அப்படித்தான் நினைப்பார். மின்னஞ்சல் கதையைப் பகிர்ந்த அதே வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பெயர்கள் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பாலோவிலிருந்து அதே இரயில் தடத்தில் தெற்கே போனால் கூலாய். அங்கே 664 ஹெக்டேர் பரப்புள்ள கூலாய் யங் தோட்டத்தை ஒய்டிஎல் குழுமம் வாங்கித் தரவு மையப் பூங்காவாக மாற்றிவருகிறது. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்று மாநிலமே பேசுகிறது. மலேசியத் தோட்டங்கள் பலவற்றுக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றும், பால் வெட்டியவர்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்தன. இரண்டாவது பெயர் எந்தக் கிரயப் பத்திரத்திலும் கிடைக்காது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். தோட்டம் சர்வர் கூடமானபின் அப்படிக் கேட்க அங்கே குடியிருப்பவர்கள் யாரும் இல்லை.